காது மடித்த பக்கம்

அரைப் பரீட்சை முடிந்த மறுநாள்
மதுரையிலிருந்து வந்தாள் எமீமா.
நர்ஸிங் இரண்டாம் வருடம்.
பெட்டியில் வெள்ளைச் சீருடை இரண்டு,
அம்மாவுக்குத் தைலம்,
அடியில், துண்டில் சுற்றி, ஓர் இரவல் புத்தகம்.
ஹாஸ்டலில் யாரோ ஒருத்தியுடையதாம்.
'ஏட்டி, தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்.'

அட்டையில் பனி.
ஒரே குடைக்குள் இரண்டு பேர்,
முகம் தெரியாது.

பகல் அவளுக்கு.
மாடி அறையில், கொடியில் தொங்கும் அப்பா சட்டைக்குப் பின்னால்
இரண்டு கால் மட்டும் தெரியும்.
பாளையங்கோட்டையில் குளிர்காலம் என்பது
மூன்று நாளாகத் துணி காயாதது.
பாபநாசத்தில் அணை திறந்து
ஆறு செம்மண்ணாய்ப் போகிறது,
குறுக்குத்துறையில் கோயில் முங்கிவிட்டதாம்.
கீழே எண்ணெய் காய்கிறது.
அச்சுமுறுக்கைத் தட்டி எடுக்க ஆளில்லாமல்
அம்மா கூப்பிடக் கூப்பிட
பனிக்குள் இருப்பவளுக்குக் கேட்காது.
நான்தான் போவேன்.

இரவு எனக்கு.
அவள் மூச்சு நீளும்வரை காத்திருந்து
தலையணைக்கடியில் விரல் விட்டு
முள் எடுப்பதுபோல் எடுப்பேன்.
ஜன்னலுக்கு வெளியே காகித நட்சத்திரம்.
அந்த வெளிச்சத்தில்
பனியெல்லாம் சிவப்பாகப் பெய்தது.

முதலில் கதை பிடிக்கவில்லை.
ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பதினேழு வயசுக்காரி.
தினமும் வந்து அதே ரொட்டியை வாங்கிப்போகிறவன்.
எண்பது பக்கத்துக்கு ரொட்டிதான் வாங்குகிறான்.
எங்கள் தெருவில் ஒருத்தன் இப்படி நின்றால்
நாலாம் நாள் சபை மூப்பர் வீட்டுக்கு வந்திருப்பார்.

பிறகுதான் மடிப்புகளைக் கவனித்தேன்.
விட்ட இடத்துக்கு வைத்த அடையாளம் இல்லை அவை.
முப்பத்தாறில் ஒன்று: அவள் பெயரை அவன் தப்பாகச் சொல்கிற இடம்.
எழுபத்தொன்றில் ஒன்று: ஒரு கையுறையை மட்டும் கழற்றித் தருகிற இடம்.
நூற்று முப்பத்தேழில் காது மடிந்து, நிமிர்ந்து, மறுபடி மடிந்து
தாள் துணிபோல ஆகியிருந்தது.
வருகிறேன் என்று சொன்ன ரயில் நிலையத்துக்கு
அவன் வரவில்லை.

நகத்தால் நீவி நேராக்கி வைத்தேன்.
மறுநாள் இரவு மடிந்திருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி கீத பவனி வந்தது.
டிரம், டம்பூரின், பஞ்சுத் தாடி வைத்த தாத்தா.
எமீமா வாசலில் நின்று
ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.
'கிட்டாருக்கு ஆள் இல்லையா இந்த வருசம்?'
கேட்டது அப்பா.
'பெங்களூர்ல லீவு கிடைக்கலையாம் அண்ணாச்சி'
என்றது பஞ்சுத் தாடி.
அவள் தட்டை நீட்டினாள்.
ஒரு முறுக்குகூட உடையவில்லை.

நூற்று முப்பத்தேழு.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்து
விடியுமுன் நான் முடித்துவிட்டேன்.
அவள் முடிக்கவில்லை.
நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் தாள் புதுசு,
ஒட்டிக்கொண்டிருந்த இரண்டை நான்தான் பிரித்தேன்.

ரெண்டாம் தேதி, ஜங்ஷன்.
மழை விட்டும் கூரை சொட்டியது.
அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார்.
கம்பிக்குள்ளிருந்து, என்னைப் பார்க்காமல்,
பிளாட்பாரத்தின் அந்த நுனியைப் பார்த்தபடி கேட்டாள்:
'கடைசியில வந்தானாட்டி?'

அப்போ நீ தூங்கவே இல்லையா,
ஒரு ராத்திரிகூட?

'வரான்' என்றேன். 'ஆனா அவ...'
வண்டி நகர்ந்துவிட்டது.

இருநூற்றுப் பதினாறில் ஒரு காது மடித்திருக்கிறேன்.
நாரைக்கிணறு தாண்டுவதற்குள் பார்ப்பாள்.
இல்லை, மணியாச்சியில்.
அவன் வருகிற இடம் இல்லை அது.
அதற்கு இரண்டு பக்கம் முன்னால்,
நாளைக்கு வேண்டிய மாவைப் பிசைந்து மூடிவிட்டு
அவள் வெளியே வந்து
சும்மா
பனியைப் பார்க்கிறாள்.
நாலே வரி.
எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.